தேனீயின் கூதிர்க்காலம்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், தூத்துக்குடியைச் சூழ்ந்த உப்பளங்களில் வேலை ஒடுங்கிவிடும். வெயிலை நம்பி விளைவது உப்பு. வானம் மூடிக்கொண்டால் பாத்திகளில் மழைநீர் தேங்கும். வாரிக் குவித்த உப்பை மூடிவைத்துவிட்டு அளத்துத் தொழிலாளர் வீடு திரும்புவர். மழை ஓய்ந்து நிலம் காய்ந்து மீண்டும் பாத்தி கட்டும் வரையில் அவர்களுக்குக் கூலி இல்லை. அம்மாதங்களுக்கென்று அரசு உதவித்தொகை அளிப்பதும் இதனாலேயே. கடலும் அப்போது அமைதியாக இராது. தோணிகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கடற்கரையில் மழைமாதங்கள் என்பவை கையிருப்பை உண்டு வாழும் மாதங்கள் ஆகும். அவ்வாறு கையிருப்பை உண்டு வாழும் சிற்றுயிர் ஒன்றும் இங்கு உண்டு. அதனை நாம் நினைப்பதில்லை. தேனீயையே குறிப்பிடுகிறேன்.

தேனீ வளர்ப்பைக் கற்பிக்கும் நூல்களுள் பல குளிர்நாட்டாரின் அறிவில் தோன்றியவை. அவற்றில் குளிர்காலப் பாதுகாப்பு என்னும் பகுதி மிக விரிவாக இருக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனி பெய்து பூவெல்லாம் ஒழிந்த பின்னர்த் தேனீக்கள் வெளியே வருவதில்லை. அடைகளின்மீது பந்துபோல் நெருங்கித் திரண்டு, சிறகை விரிக்காமலே சிறகின் தசைகளை நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் அவ்வண்ணமே இருக்கும். அந்த அடுப்பிற்கு விறகு தேனே. ஒரு குடும்பம் குளிர்காலத்தைக் கடப்பதற்குப் பதினைந்து கிலோ தேனுக்கு மேலும், கடுங்குளிர் நாடுகளில் முப்பது கிலோவுக்கு மேலும் வேண்டியிருத்தலின், அந்நாட்டு வளர்ப்பாளர் இருப்பை மதிப்பிட்ட பின்னரே பெட்டியை மூடி வைப்பர். நம் நாட்டிலும் இமாசல மலைநாட்டு மக்கள் வீட்டுச் சுவரிலேயே தேனீக்கு மாடம் வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். சுவர் குளிரைத் தடுக்கும். மனிதர் மூட்டும் அடுப்பின் வெம்மையில் ஒரு சிறு பங்கு தேனீக்கும் கிட்டும்.

இவற்றைப் படிக்கும் நம்மவர், “நமக்குப் பனியும் இல்லை, குளிரும் இல்லை, தூத்துக்குடியில் மார்கழி இரவிலும் வெப்பம் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, ஆகவே நம் தேனீக்குக் குளிர்காலம் என்பதே இல்லை” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இஃது என் கருத்தில் பெரும்பிழை. இப்பிழையால் ஆண்டுதோறும் எத்தனையோ பெட்டிகள் வெறுமையாகின்றன. தேனீக்குக் குளிர்காலம் என்பது வெப்பமானியைக் கொண்டு அளப்பது அன்று. எந்நாளில் அது வெளியே பறக்க இயலாதோ, எந்நாளில் பறந்தாலும் பூவில் மது கிட்டாதோ, அந்நாளே அதற்குக் குளிர்காலம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மேனாட்டார் நான்காக வகுத்த காலங்களை நம் நாட்டின்மீது ஏற்றி, ‘குளிர்காலம்’ என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடுவதைக் காட்டிலும், கூதிர் என்னும் பழஞ்சொல்லே தேனீ வளர்ப்போனுக்கு மிகுந்த பயன் தருவது என்பேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. மேற்கே குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்திலோ ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவமழையும் தேனீக்குத் தடையாகும். அம்மாதங்களில் நம் பக்கத்தில் மழை இல்லை. கச்சான் காற்று தேரி மணலை வாரி இறைக்கும். ஐம்பது கல் தொலைவுக்குள்ளேயே தேனீயின் பஞ்சகாலம் இவ்வாறு மாறுகிறது. ஆதலின் பிற நாட்டு நூலை மட்டுமன்று, பக்கத்து மாவட்டத்தின் நாள்காட்டியையும் அப்படியே பின்பற்றலாகாது.

கூதிர்க்காலத்தின் கொடுமையை அறிய விரும்பும் மாணவர் நெடுநல்வாடையைக் கற்க வேண்டும். மழை ஓயாத அந்நாளில் ஆயர் தம் இடம்விட்டுப் பெயர்ந்து கைகளைத் தீயில் காய்ச்சிக்கொள்வதையும், விலங்குகள் மேய்ச்சலை மறந்து நிற்பதையும் நக்கீரர் பாடுகிறார். நம் பழம்புலவர் தேனீயை நன்கு அறிந்தவர்கள். தேன் என்னும் சொல்லே பழந்தமிழில் தேனீயையும் குறிக்கும். ஞிமிறு, சுரும்பு, தும்பி என்று பெயர்களுக்கும் குறைவில்லை. இறால் என்றால் இன்று தூத்துக்குடிச் சந்தையில் கூடையில் வைத்து விற்கும் கடலுயிர். சங்க நூல்களிலோ இறால் என்பது தேன்கூடு. வகுப்பில் இதனைச் சொன்னபோதெல்லாம் மாணவர் சிரித்திருக்கின்றனர். ஆனால், பெரும்பாலும் நம் புலவர் கண்ட தேனீ மலர்மேல் அமர்ந்த தேனீயே. மழைநாளில் கூட்டினுள் அது என் செய்கிறது என்பதைப் புலவரிடம் கேட்பதைவிட, பெட்டி வைத்திருப்பவரிடம் கேட்பதே தகும்.

அதனுள் நிகழ்வது இது. பூவிலிருந்து எடுத்த மது நீர்போல் மெல்லியது. அதனைத் தேனீக்கள் வாய்மாற்றி வாய்மாற்றி, இரவெல்லாம் சிறகால் விசிறி, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர் குறையும் வரை வற்றச் செய்து, அறையை மெழுகால் மூடி முத்திரையிடும். அடைகளின் நடுப்பகுதியில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கும்; அவற்றைச் சூழ மகரந்தம்; அதற்கும் மேலே வளைவாக ஒரு தேன்வரி. புழுக்கள் இருக்கும் இடம் 34, 35 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும். வெளியே மழை பெய்து காற்றுக் குளிர்ந்தாலும் உள்ளே அவ்வெப்பம் குறையலாகாது. மழைநாளில் பணித்தேனீ சும்மா இருப்பதாக எண்ணுதல் தவறு. பூவைத் தேடி அலையும் உழைப்புத்தான் அன்று இல்லை. காய்ச்சும் உழைப்பு உண்டு. அதற்குத் தேன் செலவாகும். மழை ஓய்ந்து ஓரிரு நாழிகை வெயில் காட்டினாலும், பூவின் மதுவை மழை கழுவிவிட்டிருக்கும். மகரந்தமும் நனைந்து உதவாது போகும். ஆகவே மேல்வரியில் உள்ள அந்தத் தேனே குடும்பம் முழுமைக்கும் ஆதாரம்.

இதனை நான் நூலில் கற்கவில்லை, இழந்து கற்றேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, தாமிரபரணிக்குத் தெற்கே, ஆத்தூரை அடுத்த எங்கள் சிற்றூரில் இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்தேன். வீட்டைச் சுற்றித் தென்னையும் முருங்கையும், சற்றுத் தொலைவில் வாழைத்தோட்டமும் உண்டு. முதற்கோடையில் தேன் நன்றாகக் கிடைத்தது. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன் எடுத்துவிடுவோம் என்ற ஆசையால், தேனறையை மட்டுமன்றிக் கீழே புழு வளரும் அறையின் மேல்வரித் தேனையும் பிழிந்துவிட்டேன். புட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்து மகிழ்ந்தேன். உறவினருக்கும் கொடுத்துப் புகழ் பெற்றேன். கார்த்திகையில் ஏழெட்டு நாள் விடாமழை. மழை வெறித்த நாளில் சென்று பார்த்தால், ஒரு பெட்டியின் வாயிலில் எறும்புகள் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்தேன். அடைகள் அப்படியே இருந்தன. ஒரு துளித் தேனும் இல்லை. ஒரு தேனீயும் இல்லை. இறந்து கிடந்தவையும் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் போலக் குடும்பம் முழுவதும் போய்விட்டது. மற்றொரு பெட்டியில் கைப்பிடி அளவே எஞ்சியிருந்தது. மெழுகுப்புழு அடைகளில் நூல் பின்னத் தொடங்கியிருந்தது.

மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்து, எங்கள் ஊருக்கு அடுத்த தோப்பில் குடியேறிய முதியவர் ஒருவர் உண்டு. நாற்பது ஆண்டுகளாகத் தேனீ வளர்ப்பவர். அவரிடம் சென்று முறையிட்டேன். “அண்ணாச்சி, நோய் ஏதும் வந்துவிட்டதோ?” என்றேன். அவர் பெட்டியை வந்து பார்த்தார். புழு அறையின் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தார். மேல்வரி அறுபட்டிருந்த இடத்தை விரலால் தடவினார். “நோய் இல்லை ஐயா. நீங்கள் அவற்றின் குதிரையே காலி செய்துவிட்டீர்கள். குதிர் காலியான வீட்டில் யார் இருப்பார்?” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. அது போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் மனத்தில் கொள்ள வேண்டும். நம் நாட்டுப் பெட்டித்தேனீயான இந்தியத் தேனீயின் இயல்பு வேறு. பின்னாளில் இங்குக் கொண்டுவரப்பட்ட இத்தாலியத் தேனீயின் இயல்பு வேறு. இத்தாலியத் தேனீ பஞ்சம் வந்தாலும் பெரும்பாலும் பெட்டியிலேயே இருந்து மெலிந்து மடியும். இந்தியத் தேனீயோ பசித்தாலும், எறும்பு துன்புறுத்தினாலும், அடிக்கடி பெட்டியைத் திறந்து தொல்லை செய்தாலும் குடிபெயர்ந்துவிடும். அதனை நன்றியின்மை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாடகை கொடுத்தும் உணவு கிட்டாத வீட்டில் யார்தான் இருப்பர்? தேனீ நமக்குக் கொடுத்த வாடகை தேன். நாம் அதற்குக் கொடுத்தது வெறும் மரப்பெட்டி.

“தேனை எடுத்துக்கொண்டு சர்க்கரைப்பாகு வைத்தால் போதுமே, சர்க்கரையைவிடத் தேன் பன்மடங்கு விலை பெறுமே” என்று கேட்பவர் உண்டு. இவ்வினாவை எளிதாகத் தள்ளுதல் கூடாது. ஓர் இந்தியத் தேனீக் குடும்பம் ஓராண்டில் தருவது சராசரியாக ஆறு முதல் எட்டுக் கிலோ வரையே. அதில் இரண்டு கிலோவை விட்டுவை என்றால், நான்கு பெட்டி வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஏழைக்கு அது சிறிய தொகை அன்று. மேலும், குளிர்நாட்டாரும் தேனை எடுத்துவிட்டுப் பாகு ஊட்டுகின்றனரே என்பதும் உண்மை. ஆனால், அவர்கள் ஊட்டும் முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். குளிர் வருவதற்கு முன்னரே, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் என்னும் கெட்டிப் பாகாக ஊட்டி, அதனைத் தேனீக்கள் வற்றச் செய்து மூடி வைக்கும் வரை காத்திருப்பர். நாமோ மழை பிடித்து எட்டாம் நாள், தேனீ மெலிந்ததைக் கண்டபின், தட்டில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுகிறோம். ஈரம் மிகுந்த நாளில் அந்த நீரை வற்றச் செய்வதற்கே தேனீ மேலும் உழைக்க வேண்டும். சர்க்கரையில் மகரந்தச் சத்தும் இல்லை. மகரந்தம் இன்றிப் புழு வளராது. புழு வளராத குடும்பத்தில் கிழத்தேனீக்களே மிஞ்சும். வேலை மிகுந்த காலத்தில் பணித்தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம். ஆகவே ஐப்பசியில் புழு வளராவிட்டால் தையில் பூவுக்குச் செல்ல ஆள் இராது.

ஆதலின் சர்க்கரைப்பாகு மருந்தாக இருக்கலாம்; அன்றாட உணவாக ஆதல் கூடாது என்பதே என் துணிபு. மருந்தாக ஊட்டுங்கால் சர்க்கரையும் நீரும் சம அளவாகக் கரைத்து, மாலை மங்கிய பின், பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வைத்தாலும் வெளியே சிந்தினாலும் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையிட வரும். வலியது மெலியதை அழிக்கும். எங்கள் பகுதியார்க்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியின் சுவையை உலகம் அறியும். அதில் நமக்குள்ள பெருமிதம் தேனீயிடம் செல்லாது. கருப்பட்டியும் வெல்லமும் தேனீயின் குடலுக்கு ஒவ்வாமல் கழிச்சலை உண்டாக்கும். வெள்ளைச் சர்க்கரையே தக்கது. பாகு ஊட்டும் காலத்தில் தேனறையைப் பெட்டிமேல் வைத்திருத்தலும் ஆகாது. வைத்திருந்தால், பின்னர்ப் பிழிவது பூவின் தேன் அன்று, கடைச் சர்க்கரையே. அதனைத் தேன் என்று விற்பது பொய்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை அரியன அல்ல. புரட்டாசி நடுவோடு தேன் எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். புழு அறைத் தேனை எக்காலத்தும் தொடலாகாது. தேனீக்கள் மூடி நிற்காத வெற்று அடைகளை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். ஆளில்லாத அறையில்தான் மெழுகுப்புழு குடியேறும். வாயில் வாடைக்காற்றை நோக்கியிராமல் தென்கிழக்கே நோக்கட்டும். அதன் அகலத்தைச் சிறிது குறைக்கலாம். ஆயின் காற்றோட்டம் இன்றி அடைத்துவிடலாகாது. குளிரைவிட ஈரமே நம் ஊரில் பெரும்பகை. பெட்டி முன்புறம் சற்றே சாய்ந்திருந்தால் உள்ளே நீர் தேங்காது. மேலே பனையோலை வேய்ந்த சிறு கூரை போதும். தாங்கியின் கால்கள் நிற்கும் கிண்ணங்களில் நீர் வற்றாமலும், புல் வளைந்து பாலமாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைநாளில் நிலத்து எறும்பெல்லாம் மேட்டைத் தேடும். அதற்குத் தேன்கூட்டைவிட நல்ல மேடு எது?

எல்லாவற்றினும் பயன்மிக்கது அண்ணாச்சி எனக்குக் கற்பித்த முறை. பெட்டியைத் திறவாமலே, அதன் பின்விளிம்பை ஒரு கையால் இரண்டு விரற்கடை தூக்கிப் பார்ப்பது. வாரம் ஒருமுறை அவ்வாறு தூக்கி வந்தால், எடை குறைவதைக் கையே சொல்லும். ஆவலினால் மழைநாளில் மூடியைத் திறந்து பார்ப்பவர், தேனீக்கள் பலநாள் காய்ச்சிச் சேர்த்த வெப்பத்தை ஒரு கணத்தில் போக்கிவிடுகின்றனர்.

இவ்வாறு எடைபார்த்து எடுக்கும் அறிவு இக்கடற்கரைக்குப் புதியது அன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், நினைத்த ஆண்டெல்லாம் குளித்துவிட இயலாது. அரசினர் முதலில் படகில் சென்று, பார் எனப்படும் கடலடி மேடுகளில் குளியாள்களை இறக்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பர். அவற்றைத் திறந்து முத்துகளை மதிப்பிடுவர். சிப்பி முதிரவில்லை என்றால், அவ்வாண்டு சலாபம் இல்லை. சில வேளைகளில் பல்லாண்டுகள் தொடர்ந்து இல்லை. முதிர்ந்திருந்தால் மட்டும், இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நாள் குறித்து அறிவிப்பர். 1955 முதல் 1961 வரை நடந்ததே தூத்துக்குடியின் கடைசிச் சலாப வரிசை. அத்தனை ஆய்வு இருந்தும் பார்கள் வறண்டன என்பது உண்மையே. கடலின் காரணங்கள் பல. எல்லாம் மனிதன் கையில் இல்லை. ஆயினும், எடுப்பதற்கு முன் இருப்பைப் பார் என்னும் ஒழுங்கு அங்கே இருந்தது. நாற்பது அடி ஆழத்தில் கிடந்த சிப்பிக்குக் காட்டிய அந்தப் பொறுமையை, கொல்லையில் இருக்கும் பெட்டிக்கு நாம் காட்டுவதில்லை.

தென்னாட்டில் பெட்டித்தேனீ வளர்ப்பு தோன்றி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நியூட்டன் என்னும் கிறித்தவப் பாதிரியார் 1911 முதல் 1917 வரை நம் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்துப் பலருக்கும் பயிற்சி அளித்தார். ஏழு சட்டங்கள் கொண்ட அப்பெட்டி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சிற்றூர்ச் சீரமைப்பு நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அத்தொழிலை உழவர் வீடுதோறும் கொண்டு சென்றார். அதனால் மார்த்தாண்டம் என்றால் தேன் என்னும் நிலை வந்தது. பின்னர் 1991, 1992-ஆம் ஆண்டுகளில், தாய்லாந்தின் பெயரால் வழங்கும் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாடெங்கும் பரவிற்று. புழுக்கள் கூட்டுப்புழுவாகாமல் நீர் நிறைந்த பைபோல் ஆகி மடிந்தன. இந்தியத் தேனீக் குடும்பங்களின் பெரும்பகுதி அழிந்தது. அந்நோய்க்கு மருந்து இல்லை. எஞ்சிய சில குடும்பங்களிலிருந்தே இன்றுள்ளவை பெருகின. அண்ணாச்சி அக்காலத்தில் தம் பெட்டிகளில் மூன்றே தப்பின என்பார். ஒரு குடும்பம் எவ்வளவு அருமையானது என்பதை அறிய அவர் அத்துன்பத்தைப் பட வேண்டியிருந்தது. மழைக்கு இரண்டு கிலோ தேன் விடாமல் அதனை ஓட்டிவிடுபவர் அவ்வருமையை அறியாதவர்.

பெட்டி வழங்கும் திட்டங்களைக் குறித்தும் ஒரு சொல் கூற விரும்புகிறேன். இத்தனை பெட்டிகள் வழங்கப்பட்டன, இத்தனை கிலோ தேன் எடுக்கப்பட்டது என்று கணக்குக் காட்டுவது எளிது. வழங்கிய பெட்டிகளில் எத்தனை, அடுத்த தைப்பொங்கலன்று தேனீயோடு இருந்தன என்பதே எனக்கு வேண்டிய கணக்கு. பயிற்சியும் பெரும்பாலும் பூக்கும் பருவத்தில் நடைபெறுகிறது. தேன் பிழிவதைக் காண எல்லாருக்கும் விருப்பம். ஒரு பயிற்சியேனும் ஐப்பசியில், ஓலைக்கூரையின் கீழே நின்று, பெட்டியைத் தூக்கி எடைபார்க்கக் கற்பிப்பதாக அமைதல் வேண்டும். பள்ளித் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் மாணவரும் அரையாண்டு விடுமுறையில் அதனை மறந்துவிடாமல், ஒருவர் மாற்றி ஒருவர் கிண்ணத்து நீரையாவது பார்த்துவர வேண்டும். விடுமுறை வருவது மார்கழியில். தேனீயின் இருப்புக் குறைவதும் அப்போதுதான்.

2023-ஆம் ஆண்டு மார்கழி முதல் நாளும் மறுநாளும், அதாவது டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், எங்கள் பகுதியில் பெய்த மழையை யாரும் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டு வாழைத்தோட்டங்களையும் தெருக்களையும் மூழ்கடித்தது. மனிதர்க்கே உணவும் குடிநீரும் அரிதான அந்நாளில் தேனீயைப் பற்றி யார் நினைப்பர்? நானும் நினைக்கவில்லை. எறும்புத் தொல்லைக்கு அஞ்சிப் பெட்டிகள் இரண்டையும் முன்னரே மாடிப்படிக் கூரையின் கீழ் ஏற்றி வைத்திருந்தது என் அறிவினால் அன்று, தற்செயலாக நேர்ந்தது. ஆனால், புரட்டாசிக்குப் பின் தேன் எடுக்கவில்லை என்பது தற்செயல் அன்று. நான்கு நாள் ஒரு தேனீயும் வெளியே வரவில்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் வெயில் அடித்தபோது பத்து, இருபது என வாயிலில் வந்து நின்று, சற்றே பறந்து, மீண்டும் உள்ளே சென்றன. செல்வதற்குப் பூ எங்கும் இல்லை. வாழைகள் சேற்றில் கிடந்தன. முருங்கை கிளை முறிந்து நின்றது. அதன் பின்னர் மூன்று வாரம் அவை மேல்வரித் தேனை உண்டே இருந்தன. பாகு இருமுறை வைத்தேன்; ஒரு பெட்டி அதனைப் பாதியிலேயே விட்டுவிட்டது.

தைப்பொங்கல் கழிந்தபின், மேற்கே மலையடிவாரத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கத் தொடங்கும். தளிர்க்காம்பின் நுனியில் இனிப்புநீர் சுரக்கும்; குமரி மாவட்டத்துத் தேனின் பெரும்பகுதி அதிலிருந்து வருவது. அண்ணாச்சி ஆண்டுதோறும் அப்போது தம் பெட்டிகளை இரவில் வண்டியேற்றிக் கொண்டு செல்வார். அந்த ஆண்டும் புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் ஏறி, இரண்டு பெட்டிகளின் பின்விளிம்பையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். “இவற்றையும் ஏற்றட்டுமா ஐயா?” என்று கேட்டார்.